சுமைதாங்கி
(செஞ்சியில் கூடிய நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"ஆற அமர வாழ்தல்" என்னும் விஷயம்பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். பேச்சை இருபது நிமிஷத்திற்குள் முடித்துவிடவேண்டுமென்றும் அவர்களே உடன் கட்டளையிட்டமையால், இவ்விஷயம் நமக்கு எவ்வளவு அவசியமென்பது இனிது விளங்கும்.

நாம் கூடியிருக்கும் இவ்வூரை நாம் பார்த்திருக்கிறோமா? இதுவே எனது முதற் கேள்வி. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றனர். அவற்றுள் மகாராஷ்டிரத்திற்கு வெளியே உள்ளது நமது செஞ்சிக்கோட்டை ஒன்றே. அயல் தேசத்தார் தேடிவந்து காண்கின்றனர். நாமோ திருவண்ணாமலைச் சாலையில் கோட்டையின் நடுவே பஸ்ஸிற் போகும்போதும் கைப்பேசியினின்று தலை தூக்குவதில்லை.

இராஜகிரி சுமார் 800 அடி உயரமுடையது. அதன்மேல் ஓடி ஏறுதல் எளிதன்று. உச்சியை அணுகுமிடத்தில் சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமுள்ள பிளவொன்று குறுக்கிடுகின்றது. பகைவன் விரைந்து வரலாகாதென்பதே அங்குள்ள வாயில்களுக்கும் வளைவுகளுக்கும் கருத்து. பகைவனல்லாத நாமும் அவ்விடத்தில் நின்று மூச்சு வாங்கத்தான் வேண்டும். அப்போதுதான் கீழே கல்யாண மகாலும், வேங்கடரமணர் கோயிலும், செட்டிகுளமும், அப்பால் நெல்வயல்களும் ஒருங்கே கண்ணிற்படும். செஞ்சிக்கருகே திருநாதர்குன்றிலே 24 தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியர் என்னும் சமண முனிவரைக் குறிக்கும் பழைய கல்வெட்டும் அங்கே உண்டு. தமிழ்ப் பிராமி எழுத்து வட்டெழுத்தாக மாறிவந்த காலத்தைக் காட்டுவதென்று அறிஞர் அதனைப் போற்றுவர். நம் குழந்தைகளில் எத்தனை பேர் அதனைக் கண்டிருப்பர்?

அவசரத்திற்கும் நம் ஊரிலேயே ஒரு கதை உண்டு. 1714-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தேசிங்குராஜன் ஆற்காட்டு நவாபின் பெருஞ்சேனையைச் சில நூறு குதிரைவீரர்களோடு எதிர்த்து மடிந்தபோது அவனுக்கு வயது 22 என்பர். போருக்குமுன் விடைபெற வந்தவனைப் போகவேண்டாமென்று தடுப்பதற்காகவே சிங்கவரம் அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டாரென்று இன்றும் இங்குள்ளோர் சொல்வர். அவ்வீரனைக் குறைகூற யான் துணியேன். எனினும் பள்ளிகொண்ட பெருமாளே முகந்திருப்பியும் நில்லாத கால்கள், நாம் கூப்பிட்டு நிற்குமா?

இனி, சுமைதாங்கிக்கு வருகிறேன். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு பலகைக்கல்லைக் கிடத்தினால் அதுவே சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருபவன் எவர் துணையுமின்றித் தன் பாரத்தை அதன்மேல் நகர்த்தி வைத்து இளைப்பாறலாம். மறுபடி குனியாமலே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். தரையில் இறக்கிய சுமையைத் தூக்கிவிட வேறொருவர் வேண்டுமன்றோ? அந்த வேறொருவர் இல்லாத இடத்திற்கே அக்கல். பிரசவிக்காமல் வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய உறவினர் அதனை நாட்டுவது நம் நாட்டு வழக்கமாக இருந்தது. இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கர் சுமையையெல்லாம் இறக்கிவைக்க இடஞ்செய்தார்கள். இதைக் கண்டுபிடித்த மனம் எத்தகையதென்று யான் அடிக்கடி நினைப்பதுண்டு.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் ஒரு முகூர்த்தத்திற்கு விரைந்துகொண்டிருந்தேன். சாலையோரத்தில் விறகுக்கட்டின் அருகே ஒரு கிழவி நின்று, "சாமி, ஒரு கை குடுத்துட்டுப் போ" என்றாள். "வரேன் பாட்டி" என்று சொல்லிப் போய்விட்டேன். தாலி கட்டுமுன் சேர்ந்துவிட்டேன், பந்தியிலும் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பின்னும் சிலர் நில்லாமலே போயிருந்தனர். இறங்கிச் சென்று கட்டைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன். பத்து எண்ணுவதற்குள் முடிந்த வேலை அது. அவள் என்னைக் கோபிக்கவில்லை. சாலையை அகலமாக்கினபோது தள்ளப்பட்டுப் பள்ளத்திலே கிடந்த மூன்று கற்களைக் காட்டி, "இந்தக் கல்லு நின்னிருந்தா உன்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்" என்றாள்.

அவள் எந்த வகுப்பினளென்று யான் கேட்கவில்லை. இதனைப் பெருமையாகச் சொல்லவில்லை. முதன்முறை கடந்தபோது, அவள் நமக்குத் தெரிந்த வீட்டுப் பாட்டியாக இருந்தால் நின்றிருப்பேனா என்று பின்னர் என்னையே கேட்டுப் பார்த்தேன். கிடைத்த விடை எனக்குப் பிடிக்கவில்லை. சங்கத்தின் கூட்டத்தில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? நம் முன்னோரின் தர்மங்களெல்லாம் சுமைதாங்கியைப் போன்றவையென்று சொல்லிவிட முடியாது. கிணறும் சத்திரமும் வந்தவனின் ஜாதியைக் கேட்டன. அதற்குத் தக்கபடி தண்ணீரும் இடமும் தந்தன, அல்லது மறுத்தன. சாலையோரக் கல்லொன்றே தன்மேல் வைக்கப்பட்ட சுமை எவருடையதென்று கேளாமல் நின்றது. நம் சங்கம் படிப்புக்கும் விவாகத்துக்கும் உதவி செய்துவருவது நல்லதே. ஆனால் அவ்வுதவி நம் வீடுகளுக்குள்ளேயே சுற்றிவருகின்றது.

ஆகையால் ஒரு வேண்டுகோள். அந்த மூன்று கற்களும் உடையாமல் இருக்கின்றன. சென்ற வாரமும் போய்ப் பார்த்தேன். சாலைக்கு இடையூறில்லாமல், புளியமரத்துக்கு உட்புறமாக நாட்டலாமென்று கிராமத்துப் பெரியவர்களும் சம்மதித்திருக்கின்றனர். செலவு அதிகமில்லை, ஆள்தான் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நமது சங்கக் கட்டடத்தின் வாயிலிலிருந்து புறப்படுகிறோம். கடப்பாரை இரண்டும் கயிறும் என்னிடம் இருக்கின்றன. மண்வெட்டி வைத்திருப்பவர்கள் கொண்டுவர வேண்டும். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். திரும்பும்போது திருநாதர்குன்றில் ஏறிவிட்டு வரலாம்.