காலில் சுற்றிய இழை



காலையில் தறிவீட்டு வாசலைக் கூட்டினால் மண்ணோடு மண்ணாகக் கழிவு நூலும் வரும். அறுந்த பாவு இழை, நாடாவில் மிஞ்சிய ஊடைத் துண்டு, இரண்டு விரற்கடை நீள ஜரிகை. ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில் இது அன்றாடக் குப்பை. அந்தக் குப்பையை மைனா கிளறும், புறா மேயும். மேயும்போது ஓர் இழை விரலில் மாட்டிக்கொள்கிறது. உதறினால் இன்னொரு சுற்று. பட்டு லேசில் அறாது. நடக்க நடக்க அது இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரல் வீங்கிக் கறுத்து, கடைசியில் உதிர்ந்தே போகிறது. கோயில் மதில் மேல் உட்கார்ந்திருக்கும் புறாக்களின் கால்களை ஒரு நாள் நின்று பாருங்கள். விரல் குறைந்த புறா ஒன்றாவது கண்ணில் படலாம்.

பாரிஸ் நகரத்து ஆய்வாளர்கள் இதைத் தெருத்தெருவாக எண்ணிப் பார்த்தார்கள். 2019-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, முடிதிருத்தும் கடைகள் மிகுந்த பகுதிகளில் விரல் இழந்த புறாக்களும் அதிகம். அங்கே தலைமுடி செய்கிற வேலையை, தறி ஊரில் நூல் செய்யக்கூடும்.

இழை சிக்கிய பறவையை மீட்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பழைய துண்டால் தலையோடு மூடி, சிறகுகளை உடம்போடு சேர்த்து மெதுவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் மழுங்கிய ஊசியால் இழையைத் தூக்கி, சின்னக் கத்தரியால் நறுக்க வேண்டும். இழுத்தால் தோலும் கூடவே வரும். ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்த ஒன்றைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடும் கைகளுக்கு இது கைவந்த வேலை. தசைக்குள் புதைந்துவிட்ட இழையை மட்டும் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

பிடிக்கிற விதத்திலும் உயிர் இருக்கிறது. நமக்கு உள்ளதுபோன்ற உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அது மூச்சுவிட முடியும். நெஞ்சை அழுத்திப் பிடித்தால், அன்போடு பிடித்தாலும், மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

அடிபட்ட பறவையைக் கண்டதும் நம் வீடுகளில் முதலில் வருவது ஒரு டம்ளர் தண்ணீர். அலகைப் பிளந்து சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மூச்சுக்குழலின் வாய் பறவைக்கு நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. அப்படி விடும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகலாம். பால் கொடுப்பதும் தவறு, அதைச் செரிக்கும் வழி பறவைக்கு இல்லை. மீன்கொத்திக்குச் சோறு கொடுப்பதில் பயனே இல்லை.

அடிபட்ட பறவைக்கு அப்போது வேண்டியது இருட்டு, வெதுவெதுப்பு, அமைதி. காற்று போக நாலைந்து துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் ஒரு துணி, மேலே மூடி. பறவையின் உடல்சூடு ஏறக்குறைய 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். அதிர்ச்சியில் அது சட்டென்று இறங்கிவிடும். வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் ஓர் ஓரமாக வைத்தால் போதும். பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கத் துடிப்பார்கள். நம் முகம் அதற்கு வேட்டை மிருகத்தின் முகம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது பயத்தால் இன்னும் தளர்ந்துபோகிறது. கண்ணாடி ஜன்னலில் மோதி மயங்கிய மீன்கொத்தி, இப்படி ஓரிரு மணி நேரம் இருட்டில் கிடந்து தானே தெளிந்து பறந்துவிடுவதும் உண்டு.

பூனை கவ்விய பறவை மட்டும் வேறு. மேலே காயமே தெரியாது. ஆனாலும் பூனையின் பல்லிலுள்ள கிருமி ஓரிரு நாளில் அதைக் கொன்றுவிடும். அன்றைக்கே மருந்து கொடுத்தாக வேண்டும். கொக்கையோ நாரையையோ தூக்குகிறவர் முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றின் அலகு கண்ணைத்தான் குறிபார்க்கும்.

தரையில் கிடக்கும் குஞ்செல்லாம் அடிபட்ட குஞ்சும் அல்ல. இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்திப் போகிறதென்றால் அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்து மரத்திலேயே இருக்கும். பூனையை விரட்டிவிட்டு, குஞ்சைப் புதர்மேல் தூக்கி வைத்தால் போதும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு.

கூடு திரும்ப முடியாத குஞ்சுகளின் கதை வேறு. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில், வீட்டு முற்றத்து மரங்களில்கூட நாரைகள் கூடு கட்டும். காற்றிலும் மழையிலும் விழும் குஞ்சுகளை அங்கே பால்பாண்டி என்ற பறவைக் காவலரும் அவர் மனைவி வள்ளித்தாயும் எடுத்து, மீன் ஊட்டிச் சிறகு முளைக்கும்வரை வளர்த்தார்கள். கர்நாடகத்தின் கொக்கரே பெல்லூரிலும் விழுந்த கூழைக்கடாக் குஞ்சுகளைப் பட்டியில் வைத்து, மீன் கொடுத்து, ஊராரே ஆளாக்கி அனுப்பியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காட்டுப்பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய வன அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். கிளிக்குஞ்சுக்கும் சேர்த்துத்தான் இது.

நூல் வானத்திலும் அறுக்கிறது. தில்லியில் நதீம் ஷெஹ்சாத், முகமது சௌத் என்ற சகோதரர்கள், பட்டம் விடும் மாஞ்சா கயிற்றில் சிறகு அறுபட்ட பருந்து ஒன்றைப் பறவை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். மாமிசம் தின்னும் பறவையைச் சேர்க்க இயலாது என்று பதில் வந்தது. பிறகு தங்கள் வீட்டின் நிலவறையிலேயே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். இருபது ஆண்டுகளில் பல்லாயிரம் பருந்துகள் அவர்கள் கையில் பிழைத்தன. அவர்களைப் பற்றிய ‘ஆல் தட் பிரீத்ஸ்’ ஆவணப்படம் 2022-இல் கான் திரைப்பட விழாவில் விருது பெற்றது. நைலான் மாஞ்சாவை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இலேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. தடைக்குப் பிறகும் சிறகு அறுந்த பறவைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

தேறிய பறவையைக் கண்டெடுத்த இடத்திலேயே விடுவது நல்லது. அதன் இணையும் இரையும் அங்கேதான் இருக்கும். கூகை என்றால் அந்தி சாய்ந்த பிறகு, மற்றவை காலை வெயிலில். பெட்டியைத் தரையில் வைத்து, மூடியைத் திறந்து, பத்தடி பின்னால் நகர்ந்து நிற்க வேண்டும். வானத்தில் வீசி எறியக் கூடாது. சில பறவைகள் உடனே கிளம்பிவிடும். சில பெட்டி விளிம்பில் ஏறி, சிறகை இரண்டு தடவை விரித்து மடக்கி, சுற்றும் முற்றும் பார்த்த பிறகே போகும். அதுவரை காத்திருக்க வேண்டும்.