படுக்கவைத்தே முடமாக்காதீர்கள்!



சளிக்காய்ச்சல் முற்றி, தன் காலால் நடந்துபோய் அம்புலன்ஸில் ஏறிய பாட்டி, பத்து நாள் கழித்துச் சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறார். காய்ச்சல் போய்விட்டது, நடையும் போய்விட்டது. கேட்டால், “வயசாயிருச்சு, அப்படித்தான்” என்கிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். நான் கேட்கிறேன்: இது வயது செய்த வேலையா, படுக்கை செய்த வேலையா?

2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, நோய்நொடி இல்லாத முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. நோயே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி! வாழ்நாளெல்லாம் பால்மரம் வெட்டித் தேய்ந்த மூட்டு என்னத்தைத் தாங்கும்?

வார்டுக்குள் போய்ப் பாருங்கள். கட்டிலின் இரு பக்கமும் கம்பி. கண்ணாடி பைக்குள், பல்செட் வீட்டில். கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆளில்லாததால் பாம்பர்ஸ். ராத்திரியெல்லாம் விளக்கு. சுற்றிலும் மலாய்ப் பேச்சு. பாட்டிக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது. மூன்றாம் நாள் விடியலுக்கு முன்னே, “பெரட்டுக்கு நேரமாச்சு, வாளி எங்கே?” என்று, பால்மரம் வெட்டப் போன காலத்து நினைப்பில், கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார். கையைக் கட்டிவிடுகிறார்கள்! மகன் வந்து பார்த்து, “அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு” என்று அழுகிறான்.

அது பைத்தியம் அல்ல ஐயா! டெலிரியம் என்னும் திடீர் மனக்குழப்பம். கிருமி, நீர் வறட்சி, தூக்கமின்மை, சில மருந்துகள், இவை கிளப்பிவிடுவது. தடுக்க வழியும் உண்டு. அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரை வைத்து நடந்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. கண்ணாடி போட்டுவிட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், நடக்கவைத்தார்கள், பேச்சுக் கொடுத்தார்கள், தூங்கவிட்டார்கள். 100 பேரில் 15 பேருக்கு வந்த குழப்பம் 10 பேராகக் குறைந்தது. இந்த வேலையில் பெரும்பங்கு, பயிற்சி பெற்ற தொண்டர்களுடையது. இதற்கும் முன்பே, 1935இல், லண்டனில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவர், தீராத நோயாளிகள் என்று ஒதுக்கப்பட்டுக் கிடந்த முதியவர்களை எழுப்பி நடக்கவைத்து, பலரை வீட்டுக்கே அனுப்பிக் காட்டினார்.

மிஸ்ஸிமார்களை நான் குறை சொல்லவில்லை. ஒருவர் எத்தனை கட்டிலைப் பார்ப்பார்? என் சண்டை திட்டம் போடுகிறவர்களோடு. நம் மலேசியாவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளியின் வீட்டையும் வசதியையும் பற்றிப் பேசுகிறது. வேலையை விட்டு நின்ற கிழவர் அதில் எங்கே இருக்கிறார்? புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலத்துக்கும் போய்விட்டார்கள். முதியவர் மட்டும் இங்கே.

தஞ்சோங் காராங் மருத்துவமனையானாலும், கிள்ளான், சுங்கை பூலோ பெரிய ஆஸ்பத்திரிகளானாலும், நம் கோரிக்கை ஒன்றுதான். சேர்த்த மறுநாளே முதியவரைக் கட்டிலை விட்டு இறக்குங்கள். அவர் விழுங்கும் மாத்திரைகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கையைக் கட்டுவதற்கு முன் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு அனுப்புமுன், அங்கே படி இருக்கிறதா, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நமக்கும் வேலை உண்டு. கோயில் கமிட்டிகளே, இளைஞர் மன்றங்களே! திருவிழாவுக்கு ஆள் திரட்டுகிற நீங்கள், வார்டுக்கும் முறை போட்டு ஆள் அனுப்புங்கள். மருத்துவமனையிடம் அனுமதியும் பயிற்சியும் கேட்டு வாங்குங்கள். இன்று கலைவதற்கு முன், வாசலில் இருக்கும் நோட்டில் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்!