அப்பா, நீயும் படுத்தாத்தான் விடியும்



எனக்கு வேலை திருப்பதியில், குடும்பம் சித்தூரில். நடுவே சுமார் 70 கிலோமீட்டர். திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறினால் சனிக்கிழமை சாயந்திரம்தான் வீட்டு வாசல். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளோடு தினமும் போனில் பேசுவேன். "சாப்பிட்டியா?" "ஆச்சு." "ஸ்கூல் எப்படி?" "நல்லாத்தான் இருந்தது." அதோடு போன் அவள் அம்மா கைக்குப் போய்விடும்.

போன கோடை விடுமுறையில் அவளே கேட்டாள்: "மைன்கிராஃப்ட்ல என் உலகத்துக்கு வர்றியாப்பா?"

மைன்கிராஃப்ட் ஸ்வீடன் நாட்டில் பிறந்த ஆட்டம். 2011இல் முழுமையாக வெளிவந்தது. உலகம் முழுக்க 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. கட்டம் கட்டமாக ஒரு பெரிய உலகம். மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம், வீடு கட்டலாம். அவள் சித்தூரிலும் நான் திருப்பதி அறையிலும் இருந்துகொண்டு, ஒரே மலையைக் குடைவோம்.

முதல் நாளே அவளுடைய உத்தரவு: "காலுக்குக் கீழே நேரா தோண்டாதப்பா." நான் தோண்டினேன். ஒரு குகைக்குள் விழுந்து செத்துப்போனேன். கையில் இருந்ததெல்லாம் அங்கேயே சிதறிவிட்டது. 5 நிமிஷத்துக்குள் யாராவது எடுக்காவிட்டால் அத்தனையும் மறைந்துவிடும். "இரு, நான் வரேன்" என்று கையில் பந்தத்தோடு அந்த இருட்டுக்குள் இறங்கினாள். என் இரும்புப் பிக்காசு, நிலக்கரி, பாதி தின்ற ரொட்டிக் கட்டு எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டாள். நேயர்களே, என் பிள்ளைக்கு இவ்வளவு நிதானம் உண்டென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஆட்டத்தில் பகல் பத்து நிமிஷம்தான். இருட்டினால் பிணங்கள் எழுந்து வரும். பச்சையாக ஒன்று புஸ்ஸென்று அருகில் வந்து வெடிக்கும். படுக்கை செய்து படுத்துவிட்டால் உடனே விடிந்துவிடும். ஆனால் இருவர் ஆடினால் இருவருமே படுக்க வேண்டும். நான் கல்லை உடைத்துக்கொண்டே இருப்பேன். "அப்பா, நீயும் படுத்தாத்தான் விடியும்!" என்று அங்கிருந்து குரல் வரும்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் பாட்டி ஞாபகம் வரும். வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிப்பதற்காகப் பரமபத படத்தை விரிப்பார். பக்கத்துத் தெலுங்கு வீட்டில் அதையே வைகுண்டபாளி என்பார்கள். தாயக்கட்டையை உருட்டி, பாட்டி, தாத்தா, அத்தை எல்லோரும் எங்களோடு காய் நகர்த்துவார்கள். தாத்தாவைப் பெரிய பாம்பு கடித்துக் கீழே இறக்கினால் எங்களுக்குக் கொண்டாட்டம். பெரியவர்களும் தோற்பார்கள், தோற்றால் மறுபடி உருட்டுவார்கள் என்பதை அந்த ராத்திரிகளில்தான் பார்த்தோம். இப்போதோ பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டு நகர்கிறோம், இல்லாவிட்டால் வெடுக்கென்று பிடுங்குகிறோம். கூட உட்கார்ந்து ஆடுவதை மட்டும் விட்டுவிட்டோம்.

பிடுங்குவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைக்க முடியாது. நாலு பேர் அணியாகச் சேர்ந்து ஆடும் பிஜிஎம்ஐ மாதிரி ஆட்டங்களில் ஒரு சுற்றே அரை மணி நேரம் வரை போகும். நடுவில் "சாப்பிட வா" என்றால், கூட ஆடுகிற மூன்று பேரை நட்டாற்றில் விட்டுவிட்டு வரச் சொல்கிறோம் என்று அர்த்தம். நானும் ஆடிப் பார்த்த பிறகுதான் இது புரிந்தது. இப்போது, "இந்தச் சுற்று முடிஞ்சதும் வா" என்கிறேன். சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது.

ஒரு நாள் சுரங்கத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்தோம். டொக் டொக்கென்று சத்தம். திடீரென்று சொன்னாள்: "கிளாஸ்ல என் தெலுங்கைக் கேட்டுச் சிரிக்கிறாங்கப்பா." எத்தனை மாதமாக மனசில் வைத்திருந்தாளோ! நேருக்கு நேர் முகம் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். நான் கல் உடைப்பதை நிறுத்தவில்லை. "அப்புறம்?" என்றேன். அன்று ஒரு மணி நேரம் பேசினாள்.

ஜாக்கிரதையும் வேண்டும். எங்கள் உலகத்துக்குள், நாங்கள் அழைத்தவர்கள் மட்டுமே வரலாம். வேலூரில் இருக்கும் அவள் அத்தை பையன் வருவான், அவ்வளவுதான். முகம் தெரியாதவர்களோடு எழுத்தும் கிடையாது, பேச்சும் கிடையாது. அவள் கணக்கு என் கணக்கோடு சேர்ந்தது. பணம் கட்டி ஆடும் ஆட்டம் வேறு ரகம். ஆந்திரத்தில் 2020லேயே தடை வந்தது, 2025 ஆகஸ்டில் நாடு முழுவதற்குமான சட்டமும் வந்துவிட்டது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இந்த வாரம் ஒரு நாள், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் கத்துக்கொடு" என்று கேளுங்கள். முதல் நாள் கட்டாயம் தோற்பீர்கள். மறுநாளும் போய் உட்காருங்கள்.