ஆயுதமும் குடிமகனும்



சேலத்திலிருந்து ஈரோடு செல்லும் வழியில் சங்ககிரிக் கோட்டையைக் கண்டிருப்பீர்கள். 1805-ஆம் ஆண்டில் தீரன் சின்னமலையைக் கும்பெனியார் தூக்கிலிட்ட இடம் அது. அதற்கு முன்பே, 1801-இல், பாளையக்காரர்களை அடக்கிய கையோடு, தென்னாட்டார் ஆயுதம் தாங்கலாகாது என்று சென்னைக் கவர்னர் கிளைவ் பிரகடனம் செய்திருந்தார். 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் ஆயுதச் சட்டம் பிறந்தது. இந்தியனுக்கு உரிமச் சீட்டு வேண்டும். ஐரோப்பியனுக்கு விலக்கு உண்டு. நம் முன்னோரை வருத்தியது துப்பாக்கி இல்லாத குறையன்று, இந்த வேற்றுமையே.

ஆகவேதான், 1931-ஆம் ஆண்டுக் கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. அங்ஙனமாயின் அவ்வுரிமை நம் அரசியல் சட்டத்தில் ஏன் இல்லை? இக்கேள்வி 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது. எச். வி. காமத் அவ்வுரிமையைச் சேர்க்க வேண்டுமென்று திருத்தம் கொணர்ந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அந்நிய ஆட்சியில் எழுந்த கோரிக்கைக்குக் காரணம் வேறு; சுதந்திர நாட்டில், நெருக்கடி நேரும்போது நாட்டைக் காக்க ஆயுதம் ஏந்துவது குடிமகனின் கடமை என்பதே முக்கியம் என்று அவர் வாதிட்டார். திருத்தம் தோற்றது.

இன்று அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையே அங்கே உண்டு. அமெரிக்காவின் இரண்டாவது திருத்தம், 1791 முதல், ஆயுதம் தாங்கும் உரிமையைப் பேசுகிறது; அது தனிமனிதனின் உரிமையே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. ஆயுதம் என்ற ஒரே சொல் இரு நாட்டுச் சாசனங்களிலும் இருக்கிறது. அங்கே அது உரிமையின் பொருள், இங்கே உரிமைக்கு வரம்பு. நம் சட்டத்தில் விலக்கு ஒன்று உண்டு: சீக்கியர் கிர்பான் அணிவதை 25-ஆம் பிரிவின் விளக்கம் சமய உரிமையில் சேர்க்கிறது.

எனினும், உரிமை இல்லையென்றால் குடிமகன் அதிகாரியின் தயவில் நிற்கிறான் என்று கொள்ளலாகாது. கொல்லிமலையின் அடிவாரத்தில் மரவள்ளியும் நிலக்கடலையும் பயிரிடும் உழவனை எண்ணிப் பாருங்கள். இரவில் காட்டுப்பன்றி புகுந்தால் ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் போய்விடும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கியைக் கேட்பவனைத் தனியே குறிப்பிட்டு, சட்டத்தின் மற்ற விதிகளுக்கு உட்பட்டு உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. மறுப்பதாயின் 14-ஆம் பிரிவின்படி அதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடும் உண்டு. ஆனால் உரிமம் கையில் இருப்பதாலேயே விலங்கைச் சுட்டுவிட இயலாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியே குறுக்கே நிற்கிறது. உரிமம் பெறாத நாட்டுத் துப்பாக்கியை வைத்திருப்பவனோ, பயிரைக் காக்கவே வைத்திருந்தாலும், குற்றவாளியாகிறான்.

இங்கேதான் நான் உங்கள் கருத்தை வேண்டுகிறேன். உயிரைக் காத்துக்கொள்ளும் தற்காப்பு உரிமை வேறு. அதற்கான கருவியை வைத்திருக்கும் அனுமதி வேறு. முன்னது குற்றவியல் சட்டம் எவருக்கும் தருவது. பின்னது உரிமத்தால் வருவது. அனுமதி தேவையென்பதை ஏழை உழவனும் ஏற்பான். அந்த அனுமதி பணத்துக்கும் செல்வாக்குக்கும் எளிதாய்க் கிட்டி, தனக்கு மட்டும் எட்டாதிருந்தால் அதை ஏற்கமாட்டான். 1878-இல் நம்மை வருத்திய வேற்றுமை வேறோர் உருவில் திரும்பலாகாது. விண்ணப்பத்துக்கு உரிய காலத்தில் விடையும், மறுப்புக்கு நேர்மையான காரணமும் கிடைக்குமாயின், ஆயுதமின்றிக் கூடும் நம் உரிமையே நமக்குப் போதுமான காவலாகும்.