படப்பொருத்தமும் பைந்தமிழும்



கணிப்பொறி நுட்பத்தைத் தமிழிற் சொல்லவியலாது என்று கூறித் திரிவார் இன்றும் உளர். அவர்கள் மிகக் கடினமெனக் கருதும் துறையிலேயே அக்கூற்றை உரசிப் பார்த்தல் நன்று.

நோயாளியின் தலையைக் கதிர்ப்படமாகவும் காந்தப் படமாகவும் எடுக்கின்றனர். முன்னது எலும்பையும் பின்னது மூளையின் மென்மையான பகுதிகளையும் தெளிவாகக் காட்டும். இரண்டு முறையும் தலை ஒரே கிடையில் இராது. ஒன்றைத் திருப்பியும் நகர்த்தியும் மற்றதனோடு இசைவிப்பதே படப்பொருத்தம்.

இக்கருத்து அரியலூர் மண்ணுக்குப் புதிதன்று. இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக 1862-இல் வகுத்தார் பிளான்போர்டு. (உலக நிலநூலில் அவ்வூர்ப் பெயர்கள் இன்றும் நிற்கின்றன!) ஒரு குழியிற் கிடைத்த சுருள்வடிவக் கடலுயிரியின் கற்படிவம் தொலைவிலுள்ள ஓடைக்கரையிலும் கிடைத்தால், இரு படுகைகளையும் ஒரே காலத்தன எனப் பொருத்துவர். அடையாளப் புள்ளிகளால் படம் பொருத்துவதும் இவ்வாறே.

ஆயின், எலும்பு கதிர்ப்படத்தில் வெண்மையாகவும் காந்தப் படத்தில் கருமையாகவும் தோன்றுமே? 1995-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலும் பெல்சியத்திலும் ஆய்வர்கள் தனித்தனியே வழி கண்டனர். நிறம் ஒத்திருக்க வேண்டுவதில்லை. ஒன்றன் நிறத்தை அறிந்தால் மற்றதன் நிறத்தை எவ்வளவு உறுதியாக உய்த்துணரலாம் என்பதே அளவுகோல். அவ்வுறுதி மிகும் நிலையே ஏற்ற பொருத்தம்.

512-க்கு 512 புள்ளிகளுடன் 200 அடுக்குகள் கொண்ட கதிர்ப்படத்தில் 5 கோடியே 24 இலக்கம் புள்ளிகள் உள. ஒவ்வொரு சிறு நகர்வுக்கும் மீண்டும் எண்ணவேண்டும்! பெரம்பலூர்ப் பருத்திக் காட்டில் பெண்கள் ஆளுக்கொரு சாலாகப் பிரிந்து பறிப்பதுபோல், புள்ளிகளை ஆயிரக்கணக்கான சிறு செயலிகளுக்குப் பங்கிடுவதே இணைகணிப்பு. எல்லாரும் ஒருங்கே ஒரே நிறைகோலிற் கொட்ட முயன்றால் நெரிசல்தான். பொதுக் கணக்கேட்டில் எல்லாச் செயலிகளும் ஒரே நேரத்தில் எழுத முயன்றாலும் அதே நெரிசல். எனவே ஒவ்வொரு குழுவும் தன் மடியிற் சேர்த்துக்கொண்டு இறுதியிற் கூட்டுகின்றது. விளையாட்டுப் படங்களுக்கென உருவான வரைகலைச் செயலிகளை 2007-இல் என்விடியா நிறுவனம் பொதுக்கணிப்புக்குத் திறந்துவிட்டபின் இவ்வேலை பெரிதும் விரைந்தது.

2024 திசம்பரில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் கருக்குழவி மூளைகளின் 5,132 சீவல்களைப் படமாக்கி முழுவடிவில் வெளியிட்டது. வெட்டும்போது சீவல் இழுபடும், மடியும். அண்டைச் சீவலோடு பொருத்தினாலன்றி மூளை உருப்பெறாது. தமிழ்நாட்டிற் பிறந்த அவ்வாக்கத்திற்குத் 'தரணி' என்னும் வடசொல்லே வாய்த்தது. 'ஞாலம்' என்றிருந்தால் குறைந்தா போகும்?

யாழ்ப்பாணத்து மானிப்பாயில், 1860-களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார் கிறீன் என்னும் மருத்துவர். அவர் அமெரிக்கர்! அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022-இல். இன்றோ, பருத்தி பறித்த கையிற் கொடுக்கப்படும் படமுடிவுத்தாள் ஆங்கிலத்தில் இருக்கின்றது. பழைய படத்தோடு புதியதைப் பொருத்துவது கட்டி வளர்ந்ததா, சுருங்கியதா என்றறியத்தானே? அந்த ஒரு வரியையேனும் முதலில் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும்.