மழையில் நனைந்த ஸ்கூட்டரும் மின்பொறியும்

சென்னை மாநகரின் வட பாகத்திலே புளியந்தோப்பு என்னும் தாழ்ந்த பேட்டை ஒன்றுண்டு. ஓட்டேரி நல்லா அப்பக்கமாக ஓடிப் பக்கிங்ஹாம் கால்வாயிற் கலக்கின்றது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்திலும், 2023-ஆம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோதும் அப்பேட்டையின் தெருக்களில் வெள்ளம் தேங்கி நின்றது. நீர் வடிந்ததும், வாயிலில் நனைந்து கிடந்த வண்டியின் கிக்கரை மூச்சு முட்ட உதைப்பதே மனிதரின் முதற் காரியமாக இருக்கின்றது. பெரும் பிழையும் அதுவே. ஏரிக்கரைக் கிராமங்களில் மழைக்காலத்தில் நடப்பதும் வேறன்று. பால் கேனைக் கட்டிக்கொண்டு விடியுமுன் சங்கத்துக்குப் புறப்பட வேண்டிய அங்கத்தினருக்கு ஸ்கூட்டர் ஒரு நாள் நின்றால் அன்றைய பால் கெடும்; பட்டறைக்குக் கொடுக்கும் பணமோ தனி நஷ்டம்.

உதைத்தல் ஏன் தவறெனில், சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கலாம். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. பலங்கொண்டு உதைத்தால் உள்ளிருக்கும் கனெக்டிங் ராட் வளைந்துபோம். ஆகையால் முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரை மெள்ளப் பலமுறை அழுத்தி, நீர் இருந்தால் துவாரத்தின் வழியாக வெளியேறச் செய்தல் வேண்டும். அப்பொழுது பிளக் கேப்பைச் சும்மா தொங்கவிடலாகாது. கழற்றிய பிளக்கை அதில் செருகி, அதன் உலோக உடம்பு எஞ்சினைத் தொடும்படி வைக்க வேண்டும். போக்கிடமில்லாத மின்சாரம் காயிலைக் கெடுத்துவிடும்.

கழற்றிய பிளக்கே பாதி நோயைச் சொல்லிவிடும். நுனி இளம் பழுப்பாயிருந்தால் எஞ்சின் சுகமாயிருந்தது என்று பொருள். கறுத்து எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஆயில் மிகுதி. இரு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலைக் கண்ணளவாய் ஊற்றும் வழக்கம் பல பிளக்குகளுக்கு யமனாகின்றது. பலமுறை உதைத்தும் நுனி உலர்ந்தே இருந்தால் குற்றம் மின்சாரத்தில் அன்று, பெட்ரோல் வரும் வழியில் என்று அறிக. நுனியைத் துடைத்து, இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டர் இருக்குமாறு திருத்திக் கொள்ளலாம்.

அடுத்தது பொறியைப் பார்த்தல். பெட்ரோல் ஆவி தீப்பற்றக் கூடுமாதலின், பிளக்கைத் துவாரத்துக்குத் தூரமாக எஞ்சினின் உலோகத்தில் வைத்துக் கிக்கரை உதைக்க வேண்டும். பிளக்கை வெறுங்கையால் பிடித்தல் கூடாது. நீலப் பொறி பளிச்சென்று தோன்றினால் நன்று. மஞ்சளாய் மெலிந்து தோன்றும் பொறி வெளிக்காற்றில் தாவுமேயொழிய, சிலிண்டருக்குள் அமுங்கிய காற்றில் தாவமாட்டாது. பொறியைக் கண்டேனே, வண்டி ஏன் கிளம்பவில்லை என்று மயங்குவோர் பலர். அவர்கள் பொறியின் நிறத்தைக் கவனித்திருக்கமாட்டார்கள்.

பொறி அறவே இல்லையானால், உடனே காயில் போயிற்றென்று தீர்மானித்துப் புதியது வாங்கி வருவது பணக்காரர் வைத்தியம். மழைக்குப் பின் கெடுவது பெரும்பாலும் அற்பப் பொருள்களே. பிளக் கேப்பினுள் ஈரம் தங்கினால் மின்சாரம் பிளக்குக்கு வராமல் பக்கத்து உலோகத்தில் இறங்கிவிடும். கேப்பைத் திருகிக் கழற்றி உலர்த்தி, வயரின் முனையைச் சிறிது நறுக்கி மீண்டும் பூட்டினாலே அநேக வண்டிகள் உயிர் பெறும். பழைய ஸ்கூட்டர்களில் எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்ச், பொறியின் மின்சாரத்தை உடம்புக்கு இறக்கியே நிறுத்துகின்றது. ஸ்விட்சில் ஈரம் புகுந்தால், ஒருவரும் தொடாமலே அது நிறுத்தி வைத்திருக்கும்! அதற்குச் செல்லும் வயரைச் சற்றே பிரித்துவிட்டுச் சோதித்தால் உண்மை வெளிப்படும்.

இவ்வளவிலும் தெளியாவிடில் மேக்னெட் சக்கரத்தின் உள்ளிருக்கும் பாயிண்டைப் பார்க்க வேண்டும். சக்கரத்திலுள்ள துவாரத்தின் வழியே அது தெரியும். முகங்கள் பூத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த காகிதத்தால் துடைத்து, முழுதும் திறக்கும்போது 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இடைவெளி வைக்கலாம். அவ்வவ்வண்டியின் புத்தகத்திற் கண்ட அளவே பிரமாணம். துடைத்த சில நாளில் மறுபடி கருகினால் குற்றம் கன்டென்சரின் மேலது. பொறியும் பெட்ரோலும் இருந்தும், எஞ்சின் கிளம்பாமல் கிக்கர் காலைத் திருப்பி அடிக்குமானால், சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சிறு சாவி அறுந்து, பொறி விழும் காலம் தவறியிருக்கலாம். அதனை மெக்கானிக்கிடம் விடுவதே முறை. காயிலை மாற்றும் யோசனை இவையெல்லாம் ஆனபின்பே.

பாயிண்ட் இல்லாத எலெக்ட்ரானிக் வண்டிகளிலும் பிளக், கேப், ஸ்விட்ச் ஆகிய மூன்றின் சோதனை இதுவே. இன்ஜெக்ஷன் முறையில் ஓடும் புது வண்டி வெள்ளத்தில் மூழ்கினால் சாவியையே போடாமல் பட்டறைக்குத் தள்ளிச் செல்ல வேண்டும்.

திருவொற்றியூரில் 1955-ஆம் வருஷத்தையொட்டி என்பீல்டு கம்பெனியார் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது முதல் வடசென்னையில் கைதேர்ந்த தொழிலாளர் பெருகினர். கிராமத்திலோ மெக்கானிக் பல மைல் அப்பால் இருப்பார். ஆதலின் ஒவ்வொரு சங்கமும் ஒரு பிளக் ஸ்பேனர், இடைவெளி பார்க்கும் கேஜ் ஒன்று, புதிய பிளக் இரண்டு, கேப் ஒன்று இவற்றைப் பொதுச் செலவில் வாங்கிப் பால் அளக்கும் இடத்திலேயே ஒரு பெட்டியில் வைக்கலாம். எடுத்தவர் பெயரைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகமும் உடன் இருத்தல் வேண்டும். ஸ்பேனர் திரும்பி வராத சங்கங்கள் பல.