முனையில் பிறக்கும் வெப்பம்



மொழி மன்றத்து மேடையில் மோட்டார்க் கேபிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் பேராக்கில் இது நமக்குப் புறம்பான பொருளன்று. செண்டரோ அணை 1930இல் மின்சாரம் தரத் தொடங்கியது. இன்று பத்து காஜாவுக்கு அருகில் காட்சிப்பொருளாக நிற்கும், 1938இல் கட்டப்பட்ட ஈயவாரிக் கப்பலும் மின்சாரத்தால் இயங்கியதே. பால்மரத் தோட்டங்களை விட்டு ஈப்போவின் தொழிற்சாலைகளுக்கு வந்த நம் பிள்ளைகள் பலர் இன்று மோட்டார்களோடுதான் வாழ்கின்றனர்.

அத்தகைய ஓர் ஆலையில் நாம் கண்டதைச் சொல்கிறோம். மோட்டாரின் இணைப்புப் பெட்டியில் ஒரு கேபிள் முனை கருகியிருந்தது. மோட்டாரில்தான் கோளாறு என்று அதனை மாற்றினர். புதிய மோட்டாரிலும் அதே முனை கருகியது. "லக்கை எப்படிப் போட்ட, தம்பி?" என்று வினவினோம். "நசுக்கச் சொன்னாங்க ஐயா, சுத்தியலால நசுக்கினேன்" என்றார் அவ்விளைஞர். சொன்னதைத்தான் செய்திருக்கிறார். பிழை சொல்லில் இருந்தது.

தட்டையாக நசுங்கிய லக்கினுள் செம்பு இழைகளுக்கிடையே வெற்றிடம் எஞ்சும். மின்னோட்டம் சில இழைகளின் வழியே மட்டும் நெருக்கியடித்துச் செல்லும். 400 வோல்ட்டில் இயங்கும் 15 கிலோவாட் மோட்டார் சுமார் 28 ஆம்பியர் இழுக்கும். அம்முனையில் 10 மில்லி ஓம் தடை இருந்தால் ஏறத்தாழ 8 வாட் வெப்பம் கட்டைவிரல் அளவு இடத்தில் பிறக்கிறது. நேரடியாக முடுக்கும்போது மின்னோட்டம் ஆறு மடங்கானால், அச்சில நொடிகளில் வெப்பம் 36 மடங்காகும். சூடேறிய உலோகம் விரிகிறது, ஆறியபின் சுருங்குகிறது, பிடி தளர்கிறது, செம்பின் மேல் ஆக்சைடு படிகிறது, தடை மேலும் ஏறுகிறது. மின்னோட்டம் கூடாமையால் மிகைச்சுமை ரிலேயும் துண்டிப்பதில்லை. மோட்டாரின் மேல் பழி விழுந்ததில் வியப்பில்லை.

ரப்பர் ஆலைகளில் மற்றொரு தொல்லையும் உண்டு. பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவின் ஆவி, ஈரக் காற்றோடு சேர்ந்து செம்பையும் பித்தளையையும் அரிக்கும். ஆதலின் அங்கு வெள்ளீயம் பூசிய லக்கே தக்கது.

கிரிம்பிங் என்பதற்கு 'அழுத்திப் பிணைத்தல்' என்று சொல்லலாம் என்பது எம் கருத்து. பட்டறையில் கிரிம்பிங் என்றே வழங்கட்டும், அதில் எமக்குக் குறையில்லை. விளக்கம் தமிழில் தெளிவாக இருத்தல் வேண்டும். கேபிளின் சதுர மில்லிமீட்டருக்கு ஒத்த லக். அதற்கே உரிய அச்சுடைய கருவி. லக்கின் குழல் நீளத்துக்கு மட்டும் உரித்த உறை. ஓர் இழைகூட வெட்டுப்படாமை. திருகு முனையில் செருகும் இழைகளைப் பற்றாசில் தோய்க்கலாகாது. அழுத்தத்தில் பற்றாசு நாளடைவில் நெகிழ்ந்து கொடுக்கும்.

அவ்விளைஞர் முனையை வெட்டியெறிந்து, உரிய கருவியால் மீண்டும் பிணைத்தார். கையால் வலுவாக இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. மோட்டார் முழுச்சுமையில் ஓடியபின் வெப்பமானியால் மூன்று முனைகளையும் அளந்தோம். மூன்றும் ஒன்றுபோல் இருந்தன.